சனிக்கிழமை மெஷின், ஞாயிற்றுக்கிழமை மலை

திங்கட்கிழமை காலையில் ஆபீஸில் "வீக்கெண்டு எப்படிப் போச்சு" என்று யாராவது கேட்டால் நான் சொல்கிற பதில் ரொம்ப நாளாக ஒன்றுதான்: தைத்தேன், நடந்தேன். கேட்டவர் முகத்தில் லேசாக ஒரு பரிதாபம் வரும். மாலுக்குப் போகவில்லை, படம் பார்க்கவில்லை, கொடைக்கானலுக்கு வண்டி எடுக்கவில்லை, பிரியாணிக் கடை வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கவில்லை, பாவம் வீட்டில் என்ன பிரச்சினையோ என்று நினைத்துக்கொள்வார்கள் போல. ஒரு பிரச்சினையும் இல்லை. சனிக்கிழமை தையல் மெஷின், ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் மதுரையைச் சுற்றி ஏதாவது ஒரு மலையடிவாரமோ கண்மாய்க்கரையோ, வந்து குளித்துவிட்டுச் சோறு, தூக்கம். இரண்டே நாளுக்குள் இதற்கு மேல் எதைத் திணிப்பது?

முதலில் இரண்டும் தனித்தனியாகத்தான் இருந்தன. போகப் போக ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிட்டது. இப்போது நான் தைப்பதில் பாதிக்கு மேல் நடக்கப் போவதற்கான சாமான்தான். தோள்பை, தொப்பி, பாக்கெட் வைத்த டாப், கல்லில் விரித்து உட்கார ஒரு கனத்த துணி. சனிக்கிழமை தைத்தது சரியாக இருக்கிறதா என்பது கண்ணாடி முன்னால் நின்றால் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி வெயிலில் படி ஏறும்போது தெரியும்.

மெஷின் அம்மாவுடையது. கறுப்பு உஷா, தங்கக் கலரில் பூ வேலை, கீழே இரும்புக் கால், மிதி. வாரைக் கழற்றிப் போட்டு வருஷக்கணக்கில் அதன்மேல் இஸ்திரிப் பெட்டியும் பழைய பேப்பரும்தான் உட்கார்ந்திருந்தன. இறக்கித் துடைத்து, எண்ணெய் விடும் ஓட்டை ஒவ்வொன்றிலும் ரெண்டு சொட்டு விட்டு, புது வார் மாட்டி, ஷட்டிலுக்குள் அடைந்து கிடந்த பஞ்சை பிரஷ்ஷால் எடுத்ததும் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தக் காலத்து வார்ப்பிரும்பு, என்ன ஆகப்போகிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் "ஒரு மோட்டார் மாட்டிடுங்களேன்" என்கிறார்கள். மாட்டினால் வேகம் வரும், உண்மைதான். ஆனால் எனக்கு இங்கே வேகம் எதற்கு? வளைவு வருகிற இடத்தில் காலை லேசாக்கினால் ஊசியும் லேசாகும், மூலையில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் அரைச் சுற்றுச் சுற்றி ஊசியைத் துணிக்குள் இறக்கி வைத்துவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டைத் தூக்கித் துணியைத் திருப்பலாம். கரண்ட் போனாலும் கவலையில்லை, மாதாந்திரப் பராமரிப்பு எங்கள் பக்கம் பெரும்பாலும் சனிக்கிழமைதான் வருகிறது!

இயந்திரம் என்றாலே சந்தேகமாகப் பார்த்த காந்திகூட தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தவர், மனிதன் கண்டுபிடித்ததில் உருப்படியான சிலவற்றில் இது ஒன்று என்கிற அர்த்தத்தில் சொல்லியிருக்கிறார். 1921 செப்டம்பரில் அதே மனிதர் இந்த மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோதுதான் சட்டையை விட்டுவிட்டு இடுப்புத் துணிக்கு மாறினார். துணியைக் குறைத்துக்கொண்டவரின் ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் பாக்கெட்டுக்கு எத்தனை இஞ்சு துணி கூடுதலாக எடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன், சரி விடுங்கள்.

துணி எடுப்பதே ஒரு வேலை. விளக்குத்தூண் பக்கம் போனால் மீட்டர் துணி, கட்பீஸ், லைனிங், எலாஸ்டிக், பட்டன் எல்லாம் ஒரே நடையில் முடிந்துவிடும், ஆனால் தீபாவளிக்கு முந்தின ரெண்டு மாதம் மட்டும் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. சின்ன வயதில் அம்மாவோடு போகும்போது புதுமண்டபத்துக்குள் நுழைவோம். மீனாட்சியம்மன் கோயிலின் கிழக்கு வாசலுக்கு எதிரே திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம், தூண் முழுக்கச் சிற்பம், அந்தத் தூண்களுக்கு இடையில் வரிசையாகத் தையல் மெஷின்கள். யாளிக்குக் கீழே உட்கார்ந்து ஒருவர் பள்ளிக்கூடச் சட்டைக்குப் பட்டன் காஜா எடுப்பார். சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகருக்கு நேர்ந்துகொண்டவர்களுக்கான உடுப்புகள், பட்டையாகச் சரிகை வைத்த குல்லாய்கள், சல்லடம் என்று மண்டபமே சிவப்பும் மஞ்சளுமாகிவிடும். இப்போது அந்தக் கடைகள் எல்லாம் பக்கத்திலேயே குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டுவிட்டன. சிற்பத்துக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனாலும் கல்தூணில் சாய்ந்து நின்று அளவு கொடுத்தவர்களுக்கு அந்தப் புதுக் கட்டடம் கொஞ்சம் ஒட்டாமல்தான் இருக்கும்.

கடையில் "அக்கா, சுத்த காட்டன்" என்று சொல்லித்தான் எல்லாத் துணியையும் விற்பார்கள். ஓரத்தில் ரெண்டு நூலை உருவி வீட்டில் கொளுத்திப் பார்த்தால் விஷயம் வெளியே வரும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை, விரலில் நசுக்கினால் பொடியாகும் சாம்பல். பாலியெஸ்டர் கலந்திருந்தால் உருகி, நுனியில் கெட்டியாக ஒரு மணி உருளும். கலப்புத் துணி கெட்டது என்று சொல்லவில்லை, பைக்கு அதுதான் வசதி, சீக்கிரம் காயும். நம் ஊர் வெயிலில் முதுகில் ஒட்டுகிற டாப்புக்கு மட்டும் வேண்டாம். அப்புறம், வெட்டுவதற்கு முன்னால் பருத்தித் துணியை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்டுவிட வேண்டும். சுருங்குவது எல்லாம் அப்போதே சுருங்கிவிடட்டும், தைத்து உடுத்திய பிறகு சுருங்கினால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது.

இப்போது பாக்கெட் விஷயத்துக்கு வருகிறேன், இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. பெண்கள் போடுகிற டாப்பில் பாக்கெட் கிடையாது என்பதை நாம் எப்படி இத்தனை வருஷம் பேசாமல் ஏற்றுக்கொண்டோம் என்று எனக்கு விளங்கவே இல்லை. என் வீட்டுக்காரர் நடக்கக் கிளம்பினால் ஒரு பாக்கெட்டில் போன், ஒன்றில் சாவி, ஒன்றில் சில்லறை, கை வீசிக்கொண்டு நடக்கிறார். நான் ஒரு கையில் பர்ஸ், இன்னொரு கையில் போன், தண்ணீர் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாறையில் ஏற வேண்டுமாம். அதனால்தான் முதலில் தைக்க உட்கார்ந்ததே.

சுடிதார் டாப்பில் பாக்கெட் வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது, ஸ்லிட். பக்கத் தையல் இடுப்புக்குக் கீழே கொஞ்ச தூரம்தான் வரும், அதற்குப் பிறகு துணி திறந்துவிடும். பாக்கெட் வாய்க்கு ஆறு அல்லது ஆறரை இஞ்சாவது வேண்டும், கை நுழைய வேண்டுமே. அதன் அடி ஸ்லிட் ஆரம்பிக்கிற இடத்துக்கு ஒரு இஞ்சு மேலேயே முடிந்துவிட வேண்டும், இல்லையென்றால் நடக்க நடக்க அந்த மூலை கிழியும். ஆக, தைக்கும்போதே ஸ்லிட்டைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடுவது உத்தமம். உள்பை இன்னும் கீழே தொங்கும் அல்லவா, அது ஸ்லிட் வழியாக நாக்கை நீட்டிக்கொண்டு எட்டிப் பார்க்காமல் இருக்க, பையை முன்பக்கமாகச் சாய்த்து வெட்ட வேண்டும். உள்ளங்கையை முன்னால் சரித்து வைத்தால் வருகிற வடிவம். ஒரு பாக்கெட்டுக்கு ரெண்டு துண்டு. ஒன்றை முன்துணியின் ஓரத்தோடும் இன்னொன்றைப் பின்துணியின் ஓரத்தோடும் நல்ல பக்கம் நல்ல பக்கத்தைப் பார்க்க வைத்துத் தைத்து, ரெண்டையும் வெளியே திருப்பி இஸ்திரி போட்டுவிட்டு, அக்குளிலிருந்து பக்கத் தையலை ஆரம்பித்து பாக்கெட் வாய் வந்ததும் பையைச் சுற்றிப் போய் மறுபடி கீழே சேர்த்துவிட்டால் ஆயிற்று. வாயின் ரெண்டு முனையிலும் முன்னும் பின்னுமாக ரெண்டு மூன்று தடவை ஓட்டிவிடுங்கள்.

இதில் டெய்லர்கள் யாரும் செய்யாத ஒன்று உண்டு. போன் இருநூறு கிராம் கனம். மெல்லிசு காட்டனில் அதைப் போட்டால் டாப் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு தொங்கும். அதற்கு, பாக்கெட் வாயின் முன் ஓரத்தில் உள்பக்கமாக அரை இஞ்சு அகலத்தில் ஒரு நாடாவை வைத்துத் தைத்துவிட வேண்டும். கனத்தை நாடா தாங்கிக்கொள்ளும், துணி இளகாது. உள்பைக்கு டாப்புத் துணியையே போடாமல் கெட்டியான பாப்ளின் போட்டால் சாவி குத்திக் கிழிக்காது. இந்த நாடா யோசனை கீழக்குயில்குடிப் படியில் ஏறும்போது வந்தது, ஒவ்வொரு படிக்கும் போன் வந்து தொடையில் அடித்தால் யோசனை வராமல் என்ன செய்யும்.

கீழக்குயில்குடிக்கு நான் அடிக்கடி போவேன். நாகமலைப் புதுக்கோட்டைப் பக்கம், ஊரிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்குள்தான், ஆனால் இறங்கியதும் வேறு உலகம். அடிவாரத்தில் தாமரைக் குளம், கரையில் அய்யனார் கோயில், வாசலில் பெரிய பெரிய ஆலமரங்கள். ஆறரைக்குள் போய்விட்டால் தாமரை விரிகிற நேரம். கோயிலுக்குப் பின்னால் பாறையில் வெட்டிய படிகள் ஏறிப் போனால் பேச்சிப்பள்ளம், ஒரு சுனை, அதற்கு மேலே பாறைச் சுவரில் வரிசையாக எட்டுச் சமணத் திருமேனிகள். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு வேலை. தலைக்கு மேல் பாம்பு படம் எடுத்து நிற்பவர் பார்சுவநாதர், கொடி சுற்றி நிற்பவர் பாகுபலி. கீழே வட்டெழுத்து, அதாவது பழைய தமிழ் எழுத்து. ஒன்றில், அச்சணந்தியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று இருக்கிறது. சுற்று வட்டாரத்து மலைகளில் எல்லாம் சமணச் சிற்பம் செய்வித்துப் பேர் வாங்கிய முனிவர் அச்சணந்தி. துறவி ஆன பிள்ளைக்கும் அம்மா இருப்பாள் அல்லவா, அவளும் தன் பங்குக்கு ஒன்று செதுக்க வைத்திருக்கிறாள், ஆயிரம் வருஷமாக அந்தப் பெயர் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. எனக்கு அங்கே போனால் அந்த ஒரு வரியைப் பார்க்காமல் வர முடியாது.

மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. குகைக்கு வெளியே சமணர்கள் வணங்குகிற தீர்த்தங்கரர் ஒருவரின் பெரிய சிற்பம், உள்ளே விதானத்தில் சிங்கத்தின் மேல் உட்கார்ந்து யானைக்காரனோடு மோதுகிற ஒரு பெண் தெய்வம். குளித்துவிட்டு வந்த மாதிரி சாந்தமாக உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு நடுவில் அவள் ஒருத்திதான் வேலையில் இருக்கிறாள். ஒரு நாள் அங்கே ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு ஆத்தா, "எங்கிட்டு இருந்து வாறீக, கல்வெட்டு ஆபீசா?" என்று கேட்டார். இல்லை ஆத்தா, சும்மா நடக்க வந்தோம் என்றேன். "சும்மாவா?" என்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என் தோள்பையைத் தொட்டு, "இது நல்லாருக்கு, எங்க வாங்குனது?" என்றார். நானே தைத்தது என்றதும் வாரை இழுத்துப் பார்த்தார். நல்ல வேளை, அந்த இடத்தில் சதுரமாகத் தைத்து உள்ளே பெருக்கல் குறியும் போட்டிருந்தேன். பைக்கு வார் வைக்கிற இடத்தில் வெறும் நேர்த்தையல் போட்டால் ரெண்டு கிலோ தக்காளிக்கே பிய்த்துக்கொண்டு வரும், சதுரமும் பெருக்கலும் போட்டால் கனம் நாலு பக்கமும் பிரிந்துவிடும். 2021 டிசம்பரில் அரசாங்கம் "மீண்டும் மஞ்சப்பை" என்று ஆரம்பித்த பிறகு கல்யாண வீடுகளில் கொடுக்கிற பைகளில் பாதிக்கு இந்தத் தையல் இல்லை, வீட்டில் வந்து நான் போட்டுக்கொள்கிறேன்.

பசுமை நடை என்று மதுரையில் ஒரு குழு இருக்கிறது, இந்த மலைகளுக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய் கல்வெட்டு வாசித்துக் காட்டியவர்கள். தனியாகப் போகத் தயங்குகிறவர்களுக்கு அந்த மாதிரிக் கூட்டம் நல்ல துணை. எனக்கு ரெண்டு மூன்று பேர் போதும், பேச்சு நின்றால்தான் காது கேட்கிறது.

மழை முடிந்து மார்கழி தை வரும்போது காட்டுப் பாதை முழுக்க ஒட்டுப்புல். சல்வார் முழங்கால் வரைக்கும் ஊசி ஊசியாக ஏறிவிடும், வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க ஒரு மணி நேரம். இதற்கு என் கண்டுபிடிப்பு பழைய ஜீன்ஸின் கால். கணுக்காலிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை வருகிற மாதிரி வெட்டி, பக்கவாட்டில் திறந்து வெல்க்ரோ, அடியில் செருப்புக்குக் கீழே மாட்ட எலாஸ்டிக். ஜீன்ஸ் துணியில் ஒட்டுப்புல் ஏறாமல் இல்லை, ஆனால் உள்ளே குத்தாது, கழற்றி உதறினால் போதும். தைக்கும்போது பதினாறாம் நம்பர் ஊசி போட்டுக்கொள்ளுங்கள், பதினாலு வளையும். மடிப்பு நாலு அடுக்காகச் சேர்கிற இடத்தில் மிதியை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பார்க்க போஸ்ட்மேன் மாதிரி இருக்கிறது என்று மகள் சொன்னாள். இருக்கட்டும்.

அரிட்டாபட்டிக்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது போக வேண்டும். மேலூர் வட்டம், சுற்றிலும் பாறைக் குன்றுகள், குடைவரையில் சிவன், கூடவே சிவனின் வடிவமாகக் கும்பிடப்பட்ட, கையில் தண்டம் வைத்த லகுலீசர். கழிஞ்சமலையில் தமிழி என்கிற மிகப் பழைய தமிழ் எழுத்துப் பொறிப்பு. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தார்கள், வல்லூறுகளும் ராஜாளியும் அந்தப் பாறை இடுக்குகளில் கூடு கட்டுகின்றன. ரெண்டே வருஷத்தில் அதை ஒட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். ஊர் ஊராக ஜனம் திரண்டு மதுரை வரைக்கும் வந்து நின்ற பிறகுதான் 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. நான் "சும்மா நடக்க" போகிற இடம் சும்மா கிடைக்கவில்லை, அந்தக் கிராமத்துக்காரர்கள் போராடி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பக்கம் வாய்க்கால் ஓரத்து அத்திக் கன்று ஒன்றில்தான் தையல்சிட்டின் கூட்டை முதல்முதலாகக் கிட்டத்தில் பார்த்தேன். முதலில் பச்சை இலை ஒன்று சுருண்டு தொங்குகிறது என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போனால், இலையின் ரெண்டு ஓரத்தையும் இழுத்துச் சேர்த்து, வரிசையாகப் பொடிப் பொடித் துளை, ஒவ்வொரு துளையிலும் வெள்ளைப் பஞ்சு. பெட்டைதான் தைக்குமாம். அலகால் துளை போட்டு, சிலந்தி நூலையோ பஞ்சு இழையையோ உள்ளே தள்ளிவிடும், வெளியே வந்த நுனி பிரிந்து விரிந்துகொள்வதால் மறுபடி உருவிக்கொள்ளாது. நாம் நுனியில் முடிச்சுப் போடுகிற வேலையை அது பிசிறை வைத்தே முடித்துவிடுகிறது. துளை சின்னது என்பதால் இலை கிழிவதில்லை, காம்போடு உயிராகவே இருக்கிறது, பச்சை மாறாததால் யார் கண்ணுக்கும் கூடு தெரிவதில்லை. குருவி என் கை நீளம்கூட இருக்காது, கத்துகிற சத்தம் மட்டும் தெருவுக்கே கேட்கும். தள்ளி வந்துவிட்டோம், ரொம்ப நேரம் நின்றால் கூட்டை விட்டுவிட்டுப் போய்விடும்.

பங்குனி பிறந்தால் நடை ஏறக்குறைய முடிந்தது. பாறை எட்டு மணிக்கே கொதிக்கும். அப்போது ரெண்டு நாளும் மெஷின்தான், தலையணை உறை, மேசை விரிப்பு, பழைய சுங்குடிச் சேலையில் மெல்லிசான போர்வை. சுங்குடி நைந்தாலும் அந்தப் புள்ளி மட்டும் போகாது, முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றியது அல்லவா. நல்ல பகுதியாக வெட்டி எடுத்து, ரெண்டு அடுக்கு வைத்து, கையாலேயே நீளநீளமாக ஓட்டுத் தையல் போட்டால் ஏசி அறைக்குச் சரியான கனம். இதற்கு மெஷினே வேண்டாம், கிரிக்கெட் பார்த்துக்கொண்டே தைக்கலாம்.

பையையும் பாக்கெட் டாப்பையும் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். "எனக்கும் ஒண்ணு தைச்சுக் குடுங்கக்கா, காசு வாங்கிக்கங்க." காசு என்று வந்தால் தேதி வரும், தேதி வந்தால் "இன்னும் ஆகலையா" வரும், என் சனிக்கிழமை திங்கட்கிழமை ஆகிவிடும். துணி கொண்டு வாருங்கள், மெஷின் தருகிறேன், சொல்லித் தருகிறேன், நீங்களே தையுங்கள் என்கிறேன். ரெண்டு பேர் அப்படி வந்து கற்றுக்கொண்டார்கள், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். நடையும் அப்படித்தான். எத்தனை அடி, எத்தனை கலோரி என்று எண்ணுகிற ஆப்பை எடுத்துவிட்டேன், அது ராத்திரி ஒன்பது மணிக்கு "இன்னும் ஆயிரம் அடி" என்று நச்சரிக்க, ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் நடந்த பைத்தியக்காரத்தனம் போதும்.

இந்த வாரம் மெஷினில் இருப்பது தொப்பி. ஆறு முக்கோணத் துண்டு, உள்ளே லைனிங், விளிம்புக்கு நடுவில் கேன்வாஸ் வைத்து அரை இஞ்சுக்கு ஒரு சுற்றாகத் தையல். விளிம்பு அகலமாக இருந்தால் கழுத்துக்கு நிழல், ஆனால் மலை உச்சிக் காற்றில் மடங்கிக் கண்ணை மறைக்கும். மூன்று இஞ்சு வைத்திருக்கிறேன், கேன்வாஸ் ஒரே அடுக்குதான். ஞாயிற்றுக்கிழமை யானைமலைப் பக்கம் போகிறோம், அங்கே மடங்கினால் அடுத்த சனிக்கிழமை விளிம்பைப் பிரித்து இன்னொரு அடுக்கு கேன்வாஸ் வைப்பேன்.